திட்டின் நடுவே தேங்கிய நீர்: பிச்சாவரம் கண்டல் காட்டின் மீட்பு குறித்த நிகழ்வு ஆய்வு

இடமும் பின்னணியும்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரம் கண்டல் காடு, அதாவது மாங்குரோவ் காடு, இருக்கிறது. ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பு. ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகள், அவற்றைப் பிரித்துக்கொண்டு ஓடும் கழிகள். சின்னவாய்க்கால் முகத்துவாரம் வழியே கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. இதுவே ஓதம். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரும் ஆற்றுநீரும் வந்து உப்பைக் குறைக்கின்றன. கழியின் கரையில் முட்டுவேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதற்குப் பின்னால், சேற்றிலிருந்து மூச்சுவேர்களை மேலே நீட்டிக்கொண்டு வளர்வது வெண்கண்டல். முத்துப்பேட்டைப் பக்கம் அதை அலையாத்தி என்கிறார்கள். சிதம்பரத்துக்குப் பழம்பெயரைக் கொடுத்த தில்லை மரமும் இந்தக் காட்டைச் சேர்ந்ததுதான்.

படகில் போய்ப் பார்த்தவர்களுக்கு இரு கரையிலும் நெருங்கி நிற்கும் பச்சைச் சுவர்தான் நினைவில் இருக்கும். 1980-களின் இறுதியில் அந்தச் சுவருக்குப் பின்னால், பல திட்டுகளின் நடுப்பகுதி வெறுமையாகக் கிடந்தது. கோடையில் அங்கே உப்புப் பூத்திருக்கும். ஆங்காங்கே உப்பைத் தாங்கும் உமரிச் செடி மட்டும் முளைத்திருக்கும். மரம் இல்லை, கன்றும் இல்லை.

இந்த வெறுமை எப்படி வந்தது, அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு என்ன செய்தார்கள், என்ன ஆயிற்று என்பதே இந்த ஆய்வு. இதில் இடம்பெறும் ஊர் மக்கள், வனத்துறையினர், ஆய்வாளர்கள் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை.

முதலில் சொல்லப்பட்ட காரணம்

காடு அழிகிறது என்றால் பழி முதலில் அதன் ஓரத்தில் வாழ்கிறவர்கள் மேல்தான் விழும். இங்கேயும் அப்படித்தான். விறகுக்கு வெட்டுகிறார்கள், மாடு விடுகிறார்கள், அதனால் காடு தேய்கிறது என்பதே பொதுவாகச் சொல்லப்பட்ட விளக்கம். அதை நம்பினால் தீர்வும் எளிது: வேலி போடு, ஆட்களைத் தடு, கன்று நடு.

அந்த விளக்கத்தில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. விறகும் வெட்டப்பட்டது, மாடும் மேய்ந்தது. ஆனால் ஒரு கேள்விக்கு அதில் விடை இல்லை. விறகு வெட்டுகிறவர் படகில் வந்து, கைக்கு எட்டுகிற கரையோர மரத்தைத்தானே முதலில் வெட்டுவார்? கரையோரம் அடர்ந்து நிற்க, ஆள் சிரமப்பட்டுப் போய்ச் சேர வேண்டிய நடுத்திட்டு ஏன் வழுக்கையானது?

தரையில் கண்டது

1990-களின் தொடக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாடு வனத்துறையுடன் சேர்ந்து இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. மண்ணின் உப்பையும் தரையின் மட்டத்தையும் நீரின் போக்கையும் அளந்து பார்த்ததில் ஒரு பழைய வரலாறு வெளிப்பட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இந்தக் காட்டை நிர்வகித்த முறை, பகுதி பகுதியாக முழுவெட்டு வெட்டுவது. காட்டைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் உள்ள எல்லா மரங்களையும் ஒரே வீச்சில் வெட்டி எடுத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். வெட்டிய துண்டு சில பத்தாண்டுகளில் தானாகவே தழைத்துவிடும், மறுபடி வெட்டலாம் என்பது கணக்கு. நிர்வாகம் வகுத்த திட்டப்படி, ஒழுங்காக, பதிவேட்டில் எழுதி நடந்த வேலை அது.

கண்டல் நிலத்தில் அந்தக் கணக்கு பொய்த்தது. மரங்கள் எல்லாம் போனதும் அதுவரை நிழலில் ஈரமாக இருந்த சேறு நேர் வெயிலுக்கு வந்தது. ஈரம் வற்றியதும் மண் இறுகித் தாழ்ந்தது. திட்டின் ஓரம் உயரமாகவும் நடு பள்ளமாகவும், ஒரு தாம்பாளத்தைப் போல ஆகிவிட்டது. ஓதம் ஏறும்போது அந்தப் பள்ளத்துக்குள் நீர் வந்துவிடும், இறங்கும்போது வெளியேறாது. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாகும், உப்பு தங்கும். அடுத்த பெரிய ஓதத்தில் மறுபடி நீர், மறுபடி உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. பள்ளத்து மண்ணில் அது அந்த அளவை வெகுவாகத் தாண்டியது. உப்புக்கு மிகவும் பழகிய வெண்கண்டலின் விதைகூட அங்கே ஒதுங்கினால் பிழைக்கவில்லை. கரையோரத்தை மட்டும் ஓதம் நாளுக்கு இருமுறை கழுவிவிட்டதால் அங்கே காடு தங்கியது. பச்சைச் சுவரும் அதன் பின்னால் பொட்டலும் உருவான கதை இதுதான்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிச்சாவரத்தில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. சுந்தரவனத்தைப் போல ஆள் உயரத்தைத் தாண்டி ஏறி இறங்கும் கடலாக இருந்தால் அந்தப் பள்ளத்தை நீர் தானே அலசியிருக்கும். இங்கே தரை ஒரு சாண் தாழ்ந்தாலே நீர் மாட்டிக்கொள்கிறது.

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இந்தக் கண்டறிதல்தான். காவிரிப் படுகையில் எந்த விவசாயியைக் கேட்டாலும் பாய்ச்சலைப் போலவே வடிகாலும் முக்கியம் என்பார். வடிகால் இல்லாத வயலில் பயிர் என்ன ஆகும் என்று அவர் பாடம் படிக்கத் தேவையில்லை. அந்தப் படுகையின் கடைமடையில் நிற்கும் ஒரு காட்டுக்கு வடிகால் அடைபட்டிருக்கிறது என்பது பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போனது. பழியை மக்கள் மேல் போட்டுவிட்டதால் தரையை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

முதல் முடிவு: கன்றுக்கு முன் வாய்க்கால்

நோய் தேங்கிய உப்புநீர் என்று தெரிந்தபின், கன்று நடுவதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நீருக்கு வழிவிடும் வேலையை முதலில் எடுத்தார்கள். 1993 வாக்கில் சிறு பரப்பில் சோதனை தொடங்கியது.

வாய்க்கால் அமைப்பு மீனின் முள்ளைப் போன்றது. இயற்கையான கழியிலிருந்து திட்டின் பள்ளத்துக்குள் ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்கோணத்தில் பிரியும் கிளை வாய்க்கால்கள். செங்குத்தாகப் பிரித்தால் நீர் திரும்பும் இடத்தில் வண்டல் படியும். சாய்வாகப் பிரித்தால் ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் நீர் தயங்காமல் ஓடும். வாய்க்காலின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கும்படி, பக்கங்களைச் சரித்து வெட்டினார்கள். சேற்று மண்ணில் நேராக வெட்டிய சுவர் நிற்காது, இடிந்து விழுந்து வாய்க்காலை அடைத்துவிடும்.

எங்கே வெட்டுவது என்பதற்குத் தரைமட்டம் அளக்கப்பட்டது. கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் சேற்றில் சில அங்குல வேறுபாடுதான் நீரின் போக்கைத் தீர்மானிக்கிறது. மட்டம் பார்க்காமல் வெட்டிய வாய்க்கால் நீரை உள்ளே கொண்டுவந்து விட்டுவிடும், வெளியே எடுக்காது. நிலைமை முன்பைவிட மோசமாகும்.

கோடையில் வெட்டி, வடகிழக்குப் பருவமழையை உப்பை அலசவிட்டு, அதன் பிறகே நட்டார்கள். நடுவதற்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது வெண்கண்டல். காரணம் தெளிவு: அலசிய பிறகும் அந்த மண்ணில் எஞ்சியிருந்த உப்பைத் தாங்கக்கூடியது அதுதான். வாய்க்காலின் அடியில் நட்டால் கன்று மூழ்கி அழுகும், மேட்டில் நட்டால் காயும். அதனால் சரிவின் இடைப்பகுதியில், ஓதம் ஏறும்போது நனைந்து இறங்கும்போது மூச்சு விடும் உயரத்தில் நட்டார்கள்.

இரண்டாவது முடிவு: ஊரோடு சேர்ந்து

சோதனை தேறியபின் 1990-களின் நடுவில் இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு வேலை விரிந்தது. வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்களும் சேர்ந்து காட்டைப் பராமரிக்கும் கூட்டு மேலாண்மையாக அது அமைந்தது. ஊர்களில் மன்றங்கள் உருவாயின. குடும்பத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவருக்கும் பொதுக்குழுவில் இடம். எந்த ஊர் எந்தத் திட்டைப் பார்த்துக்கொள்வது என்று பிரிக்கப்பட்டது.

இந்த முடிவை நல்லெண்ணத்தின் அடையாளமாக மட்டும் பார்க்கக் கூடாது. வாய்க்கால் வெட்டுவதும் தூர்வாருவதும் சேற்றில் இறங்கிச் செய்கிற கை வேலை. நீர் எப்போது எந்தக் கழியில் எவ்வளவு ஏறும் என்பது அங்கே மீன்பிடிக்கிறவர்களுக்கே தெரியும். அவர்களைக் குற்றவாளிகளாக வைத்துக்கொண்டு அந்த வேலையை வாங்க முடியாது.

இதில் இருளர் குடும்பங்களின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பிச்சாவரத்தை ஒட்டி வாழும் இருளர்கள், இடுப்பளவு நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக மணிக்கணக்கில் உப்புநீரில் கிடப்பார்கள். படகும் வலையும் உள்ளவர்களின் வருமானத்தில் சிறு பங்குகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பழங்குடியினராக இருந்தும் சாதிச் சான்றிதழ் கைக்கு வராததால் அரசின் உதவிகளும் எட்டவில்லை. காட்டை மீட்கும் திட்டம் அவர்களிடம் போனபோது, காட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் சான்றிதழ், வீடு, பள்ளி, வலை என்று பேச வேண்டியிருந்தது. அந்த வேலைகளும் திட்டத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளப்பட்டன. திட்ட அறிக்கைகளில் இதைத் துணைப் பணி என்று எழுதுவார்கள். இது நடக்காமல் வாய்க்கால்கள் நிலைத்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

காடு திரும்பியது

வாய்க்கால் ஓடத் தொடங்கியதும் மண்ணின் உப்பு இறங்கியது. நட்ட கன்றுகள் பிடித்தன. நடாத இடங்களிலும் ஓதத்தோடு வந்த விதைகள் தாமே முளைத்தன. என்னைப் பொறுத்தவரை, நோய் சரியாகக் கண்டறியப்பட்டது என்பதற்கு நட்ட கன்றைவிடத் தானாக முளைத்த கன்றே பெரிய சான்று.

1986-இலும் 2002-இலும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது பிச்சாவரத்தில் கண்டல் மரங்கள் மூடிய பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருந்தது. இதே முறை முத்துப்பேட்டைக்கும், ஆந்திராவின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களுக்கும், ஒடிசாவுக்கும் போனது. திட்டக் காலத்தில் மூன்று மாநிலங்களிலும் ஏறத்தாழ 1,500 ஹெக்டேர் மீட்கப்பட்டது.

2004 டிசம்பர் 26

ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பிச்சாவரத்தை ஒட்டி, கடலுக்கும் காட்டுக்கும் இடையே மணல்மேட்டில் இருந்த குடியிருப்புகள் அடித்துச் செல்லப்பட்டன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. தங்களைக் காத்தது காடுதான் என்று அங்குள்ள மக்கள் சொன்னார்கள். 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வும் இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டு அதையே காட்டியது: கடற்கரையில் இருந்த இரண்டு ஊர்கள் முற்றாக அழிந்தன, கண்டலுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்களுக்குச் சேதமில்லை.

சங்கப் பாடல்களின் நெய்தல் திணையில் கண்டல் வேலியாகப் பேசப்படுகிறது. அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமானது என்று அன்று பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனாலும் மறுதரப்பு வாதத்தையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். இதே கடற்கரையின் 18 குடியிருப்புகளை வைத்து, காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று ஓர் ஆய்வு சொன்னது. அதே தரவுகளை மறுபடி கணக்கிட்ட வேறு ஆய்வாளர்கள், கடலிலிருந்து உள்ள தொலைவும் தரையின் உயரமும்தான் வேறுபாட்டைப் பெருமளவு விளக்குகின்றன என்று மறுத்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர், இயல்பாகவே கடலிலிருந்து தள்ளியும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து அளப்பது கடினம்.

என் முடிவு இது. அடர்ந்த மரக்கூட்டமும் வேர்களும் அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. புயல் அலைக்கும் அன்றாடக் கரை அரிப்புக்கும் கண்டல் தரும் காப்பு மிக உறுதியானது. எல்லா ஆழிப்பேரலையையும் அது நிறுத்தும் என்று மக்களிடம் சொல்லக் கூடாது. எச்சரிக்கை வந்தால் வெளியேறாமல் காட்டை நம்பி ஊரிலேயே இருந்துவிடுகிற ஆபத்து அதில் இருக்கிறது.

அந்தப் பேரழிவுக்குப் பின் கண்டல் நடும் ஆர்வம் இந்தியப் பெருங்கடல் நாடுகள் எங்கும் பெருகியது. இலங்கையில் நட்ட 23 இடங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் நடப்பட்டதில் தேறியது 200 ஹெக்டேரைச் சற்றே தாண்டியது. ஓதம் அதிக நேரம் மூழ்கடிக்கும் தாழ்ந்த சேற்றில், எளிதாகக் கிடைக்கும் சுரபுன்னை விதைகளைக் குத்திவைத்துவிட்டுப் போனதே பல இடங்களில் தோல்விக்குக் காரணம். பிச்சாவரத்தில் முதலில் தரையை அளந்தவர்கள் தவிர்த்த தவறு அதுதான். ஒருநாள் விழாவில் இத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அங்கே ஓதம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று யாராவது பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

வருமானம்

கண்டலின் வேர்களுக்கு இடையே இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. உதிரும் இலை மக்கி அவற்றுக்கு உணவாகிறது. மடவை, கொடுவா, நண்டு, இறால் என்று கழியில் கிடைப்பது அங்குள்ள மக்களுக்கு நேரடியான கூலி. வாய்க்கால்களும் இதில் சேர்ந்தன. முன்பு உப்புத் தரையாக இருந்த இடத்தில் இப்போது நீர் ஏறி இறங்குகிறது, மீன் போகிறது. வெட்டும் வேலையும் நாற்றங்கால் வேலையும் அந்த ஆண்டுகளில் கூலி தந்தன. சுற்றுலாப் படகு வலிப்பது இன்னொரு வருமானம்.

எத்தனை ரூபாய் கூடியது? துணிந்து ஒரு தொகையைச் சொல்வதற்கு, மீட்புக்கு முன் ஒவ்வொரு கழியிலும் எவ்வளவு பிடிபட்டது என்ற கணக்கு அடிப்படையாக இருந்திருக்க வேண்டும். காட்டின் பரப்பைச் செயற்கைக்கோள் பின்னோக்கியும் காட்டிவிடுகிறது, ஓலைப்பறியில் விழுந்த இறாலைக் காட்டுவதில்லை.

இன்று தொடங்கினால் மாற்ற வேண்டியவை

முதலாவது தூர். வாய்க்கால் வெட்டிய அன்றே வண்டல் படியத் தொடங்குகிறது. திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, வண்டலுக்கு இல்லை. தூர்ந்த வாய்க்கால் மறுபடி நீரைத் தேக்கும். காவிரிப் படுகைக்குக் குடிமராமத்து புதிதல்ல. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் ஊர் கூடிச் செய்த வேலையை இந்த வாய்க்கால்களுக்கும் ஊர் மன்றத்தின் பொறுப்பாக்கி, அதற்கான கூலியை முதல் ஆண்டிலேயே தனி நிதியாக ஒதுக்கிவைத்திருக்க வேண்டும். 2023-இல் ஒன்றிய அரசு அறிவித்த 'மிஷ்டி' கண்டல் திட்டம் போன்றவற்றுக்கும் இதையே சொல்வேன். நடும் செலவைவிடப் பராமரிப்புச் செலவைப் பெரிதாக எழுதுங்கள்.

இரண்டாவது, மரவகை. வெண்கண்டலில் தொடங்கியது சரியான முடிவு, அதோடு நின்றது குறை. மண் தேறியபின் கழியோரத்தில் சுரபுன்னையையும், மேட்டில் தில்லையையும் படிப்படியாகச் சேர்த்திருக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டையைத் தாக்கியபோது, பெரும்பாலும் அலையாத்தி ஒன்றே நிறைந்த அந்தக் காடு பலத்த சேதம் அடைந்தது.

மூன்றாவது, மேலே சொன்ன மீன்பிடிக் கணக்கு. கன்று எண்ணுவதற்கு ஆள் வைத்ததுபோல, இருளர் குடும்பங்களும் மற்ற மீனவர்களும் அன்றாடம் பிடிப்பதை அவர்களையே கொண்டு முதல் நாளிலிருந்து எழுதிவைத்திருக்க வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது: நன்னீர். வாய்க்கால் வெட்டினால் கடல்நீரை ஏற்றி இறக்கலாம், ஆற்றுநீரை வரவழைக்க முடியாது. மேட்டூர் அணை 1934-இல் வந்தது. அதற்கு மேலும் கீழும் அணைகளும் கதவணைகளும் பெருகின. கடலுக்குப் போகும் நீர் வீண் என்று பேசிப் பழகிவிட்டோம். கொள்ளிடத்தில் நீர் குறையும் ஆண்டுகளில் இந்தக் கழிகளின் உப்பு ஏறுகிறது, உப்பு தாங்காத மரவகைகள் அருகுகின்றன. 2022-இல் பிச்சாவரம், ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சாரின் பட்டியலில் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு காட்டுக்குக் குடிநீரும் பாசனமும் போல ஒரு பங்கு நீர் உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும். இன்று தொடங்கினால், கொள்ளிடத்தில் எந்த மாதம் எத்தனை நாள் நீர் முகத்துவாரம் வரை வந்தது என்ற பதிவை, வாய்க்கால் மட்டம் எழுதும் அதே பதிவேட்டில் முதல் பக்கத்தில் எழுதத் தொடங்குவேன்.